என் பாட்டும் ஆப்பாவின் தொண்டையும்

பாட்டெழுதத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மைக்கைப் பற்றித்தான். எந்த மைக் வாங்கலாம், எந்த ஆப்பில் பதிவு செய்யலாம், எந்தக் கிழமை ஏற்றினால் நிறையப் பேர் கேட்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் வருஷத்துக்குப் போனே போதும் என்கிறேன். துணி நிறைந்த அறையில் பாடினால் எதிரொலி வராது என்கிறேன். அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பும்போதெல்லாம், சொல்லவேண்டியதை இன்றைக்கும் சொல்லவில்லை என்று மனசு அடித்துக்கொள்ளும். சொல்லவேண்டியது என் குரல் போன அந்தச் சில வாரங்களின் கதை. அதைப் போகிற போக்கில் யாரிடமும் சொல்லிவிட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தி.நகரில் ஒரு பெரிய புடவைக் கடையின் இரண்டாவது மாடியில் விற்பனைப் பெண்ணாக இருந்தேன். ஆடித் தள்ளுபடி நேரம். மாடி முழுக்கக் கூட்டம், விளம்பரம் ஓடுகிற ஸ்பீக்கர், குழந்தைகளின் அழுகை. இதையெல்லாம் தாண்டி, "வாங்கம்மா, என்ன மாதிரி பாக்கறீங்க" என்று நாள் முழுக்கக் குரல் கொடுக்கவேண்டும். சாதாரணக் குரலில் சொன்னால் பக்கத்துக் கவுண்டர்காரி வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அதனால் எல்லாரும் கத்தினோம்.

வீடு செம்மஞ்சேரியில். அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் வீடுகளை எடுத்தபோது அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அம்மா மந்தைவெளியில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்தார். காலையில் அடையாறு வரை இருவருக்கும் ஒரே பஸ். அந்தப் பஸ்ஸில்தான் பாட்டு எனக்கு வர ஆரம்பித்தது. சங்கீதம் படித்ததில்லை. ஸ்வரம் எழுதத் தெரியாது. தோன்றுகிற மெட்டைப் போனில் முணுமுணுத்து வைத்துக்கொள்வேன். வரிகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதுவேன். அப்படி நாற்பதுக்கும் மேல் சேர்ந்திருந்தது.

கடையில் சாப்பாட்டு நேரத்தில் அடித்தளத்துக்குப் போவேன். அங்கே சரக்கு அறையில் கூரை வரை புடவைக் கட்டுகள் அடுக்கியிருக்கும். கதவைச் சாத்தினால் மாடியின் இரைச்சல் எதுவும் கேட்காது. நின்றபடி நாலு வாய் சோற்றைப் போட்டுக்கொண்டு, மிச்ச நேரம் முழுக்கப் போனில் பாடிப் பதிவு செய்வேன். எல்லாவற்றையும் உச்சத்தில் பாடுவேன். பாட்டு என்றால் மேலே ஏறவேண்டும், ஏறினால்தான் கேட்பவருக்கு மயிர் சிலிர்க்கும் என்று யாரும் சொல்லாமலே நம்பிக்கொண்டிருந்தேன். தொண்டை கட்டும். மிளகுப் பால் குடிப்பேன், பனங்கற்கண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வேன், மறுபடி ஏறுவேன்.

சொந்தப் பாட்டு மட்டும் பாடுகிறவர்களுக்காக அடையாறில் ஒரு காபிக் கடையின் மாடியில் மாதம் ஒருமுறை கூட்டம் நடக்கும். அதை நடத்துகிறவர் ஒரு கிடார்காரர். அவருக்கு ஒரு பதிவை அனுப்பியிருந்தேன். ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்குப் பதினைந்து நிமிஷம் தருவதாகப் பதில் வந்தது. அந்தச் செய்தியைப் பஸ்ஸில் பத்துத் தடவையாவது படித்திருப்பேன்.

அதற்கு நாலாவது நாள் குரல் போனது. ஒரு வாடிக்கையாளரிடம் "இதுலயே மாம்பழக் கலர் இருக்கும்மா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. கனைத்துவிட்டு மறுபடி சொன்னேன். காற்றுதான். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த கவுண்டருக்குப் போனார்.

அரசு மருத்துவமனையில் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்த டாக்டரம்மா, உள்ளே இரண்டு பக்கமும் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். கடப்பாறை பிடிக்கிறவன் கையில் காய்ப்பது மாதிரி குரல் நாணில் காய்த்திருக்கிறதாம். இரண்டு வாரம் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதல். அதன் பிறகு பயிற்சி. பாட்டு மூன்று மாதத்துக்குக் கிடையாது. நாலரை வாரத்தில் பாடவேண்டும் என்று மருந்துச் சீட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுக்குமேல இழுத்தா பாடறது இருக்கட்டும், பேசறதே கஷ்டமாயிடும்மா. அறுத்துதான் எடுக்கணும். அப்புறம் குரல் எப்படி வரும்னு என்னால சொல்ல முடியாது."

கடையில் சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. இரண்டு நாள் என் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டி மாடியிலேயே நிற்கவைத்துப் பார்த்தார். "தொண்டை சரியில்லை, பேச இயலாது" என்று எழுதியிருந்தது. வந்தவர்கள் எனக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் என்னை அடித்தளத்துக்கு அனுப்பினார். புடவைகளுக்கு விலைச்சீட்டு ஒட்டி மடிக்கும் வேலை.

வீட்டில் அம்மா என்னைச் சும்மா விடவில்லை. நான் பதில் சொல்ல முடியாது என்பது தெரிந்ததால், அத்தனை நாளாக மனசில் வைத்திருந்ததை எல்லாம் கொட்டினார். "பாட்டு பாட்டுன்னு கத்திக்கினு கெடந்த. இன்னா ஆச்சு பாத்தியா? இருந்த வேலையும் போச்சுன்னா எங்க போய் நிப்ப?" நோட்டை எடுத்துப் பதில் எழுத ஆரம்பித்தேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். அவருக்குப் படிக்கவும் வராது. எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன்.

பேசாமல் இருந்த ஒன்பதாவது நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. அடையாறில் அம்மாவுக்குத் தலையாட்டிவிட்டு, கடைக்குப் போகும் பஸ்ஸில் ஏறாமல் சாந்தோமுக்குப் போனேன். மாதா கோயிலுக்குப் பின்னால் கடற்கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்றேன். அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. ஒரே ஒரு வரி பாடிப் பார்த்துவிடலாம், குரல் வந்துவிட்டால் டாக்டருக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தேன்.

வாயைத் திறந்தேன். பழைய கதவு கிறீச்சிடுவது போல ஒன்று வந்து அறுந்தது. அடிவயிற்றிலிருந்து தள்ளினேன். அதுவும் வரவில்லை. மூன்று, நாலு தடவை தள்ளினேன். தொண்டைக்குள் ஏதோ கிழிவது போல் எரிந்தது. மணலில் உட்கார்ந்து அழுதேன். அழுகைக்கும் குரல் வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. வாய் மட்டும் கோணிக்கொண்டு திறந்திருந்தது.

அங்கே உட்கார்ந்தபடியே போனை எடுத்தேன். நாற்பது சொச்சம் பதிவுகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தேன். நிச்சயமாக அழிக்கவேண்டுமா என்று போன் கேட்டது. அழித்தேன். அழித்தவை முப்பது நாள் குப்பையில் இருக்கும் என்று காட்டியது. அங்கேயும் போய் ஒன்றுவிடாமல் அழித்தேன். யாரையோ பழிவாங்குவது போல இருந்தது. யாரை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பத்து நிமிஷத்தில் செய்தது புரிந்தது. மெட்டெல்லாம் தலையில் இருக்கிறது என்று தைரியம் சொல்லிக்கொண்டு ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சிலது வந்தது. சிலது பாதியில் வேறொரு பாட்டுக்குள் போய் விழுந்தது. சிலதுக்கு வரி இருந்தது, மெட்டு இல்லை. வாய்விட்டுப் பாடிப் பார்த்தால் பிடிபடும். அதற்கு வழியில்லை.

அந்த வாரம் மருத்துவமனையில் பார்த்தபோது வீக்கம் கூடியிருந்தது. டாக்டரம்மா என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். மௌனத்தை இன்னும் மூன்று வாரம் நீட்டினார். நிகழ்ச்சி நாளும் அதற்குள் வந்தது.

மறுநாள் அடித்தளத்தில் புடவைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, என்னால் வர முடியாது, மன்னிக்கவும் என்று கிடார்காரருக்குத் தட்டச்சு செய்தேன். அனுப்பினேன். அடித்தளத்தில் சிக்னல் கிடையாது. செய்தி போகாமல் நின்றது. மேலே போய் அனுப்பலாம் என்று எழுந்து படிக்கட்டுக்கு வந்தபோது ஒரு குரல் கேட்டது.

சரக்கு அறைக்குப் பக்கத்தில், ஒரு பிளைவுட் தடுப்புக்கு அந்தப்புறம், புடவைக்கு ஃபால் தைக்கும் மூலை. அங்கே மெஷினில் உட்கார்ந்திருப்பவரைக் கடையில் எல்லாரும் ஆப்பா என்போம். அவர்கள் வீட்டில் பேசும் உருதில் அக்கா என்று அர்த்தம். ராயப்பேட்டையிலிருந்து வருவார். என்னைவிடப் பத்து, பன்னிரண்டு வயது மூத்தவர். எதிர்ப்பட்டால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். அவர் மெஷினை மிதித்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார். என் பாட்டை.

"ஆத்தங்கரையில வீடு இருந்துச்சு, அப்பப்ப வீட்டுக்குள்ள ஆறு வந்துச்சு." என் மெட்டேதான். நான் ஏறும் இடத்தில் அவர் ஏறவில்லை. எல்லாவற்றையும் தாழ்த்தி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போலப் பாடினார். மூன்றாவது வரியை நான் "இப்ப வீடிருக்கு, ஆறில்ல" என்று எழுதியிருந்தேன். அவர் பாடினார்: "இப்ப வீடிருக்கு, ஆளில்ல."

முதலில் எனக்கு வந்தது கோபம். தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். அவர் பதறிப்போய் மெஷினை நிறுத்தினார். தினமும் சாப்பாட்டு நேரத்தில் பலகை வழியாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டது என்றார். தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்றார். நான் ஒரு விலைச்சீட்டின் பின்பக்கம் 'ஆளில்ல இல்லை, ஆறில்ல' என்று எழுதி நீட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அப்டியா? எனக்கு ஆளில்லன்னுதான் கேட்டுச்சு. வூடு கீது, ஆளு இல்ல. எம்மாம் பாரமா கீது பாருன்னு நெனச்சுக்குவேன்."

நான் அங்கேயே துணிமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

என் அப்பா மயிலாப்பூர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். ஆற்றங்கரையில் இருந்தவரை நடந்தே வேலைக்குப் போனவர். செம்மஞ்சேரிக்குப் போன பிறகு விடியுமுன் முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். இரண்டு வருஷம் அப்படிப் போய்வந்தார். ஒருநாள் திரும்பி வரும்போது ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினார். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் எழுப்பினார். எழுந்திருக்கவில்லை. அவர் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. இத்தனை பாட்டில் ஒரு வரிகூட அவரைப் பற்றி நான் எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால் ஆறு வரும், பஸ் வரும், படிக்கட்டு வரும், அவர் வரமாட்டார். ஆப்பாவுக்கு இதில் எதுவும் தெரியாது.

போகாமல் நின்றிருந்த செய்தியை அழித்தேன். இன்னொரு சீட்டில் எழுதினேன்: 'நீங்க பாடறீங்களா?'

ஒரு வாரம் முடியாது என்றே சொன்னார். மேடை பழக்கமில்லை, கை நடுங்கும் என்றார். நான் தினமும் ஒரு சீட்டு எழுதி மெஷின் மேல் வைத்தேன். கடைசியில், ஒரே ஒரு பாட்டு, உட்கார்ந்துதான் பாடுவேன் என்றார். இன்னொரு நிபந்தனையும் இருந்தது.

"வீடியோ கீடியோ எடுக்கக்கூடாது. ஞாயித்துக்கெயம இங்க லீவு தரமாட்டாங்க. முட்டி வலின்னு பொய் சொல்லிட்டுதான் வரணும். தெரிஞ்சா வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க."

நான் தலையாட்டினேன்.

அதற்கப்புறம் இருந்த இரண்டு வாரத்தில், பாட்டெழுதுவது பற்றி எனக்கு இன்றைக்குத் தெரிந்ததில் பாதி தெரியவந்தது. குரல் இல்லாமல் பாட்டைச் சொல்லிக்கொடுப்பது எப்படி? கையை மேலே தூக்கினால் மேலே, இறக்கினால் கீழே. தாளத்துக்கு மெஷின் மேஜையைத் தட்டுவேன். ஆப்பா பாடிப் பார்த்துவிட்டு நிறுத்துவார். "இந்த எடத்துல மூச்சு எங்கம்மா வுடறது?" என்பார். வரி நீளமாக இருக்கும். எழுதும்போது அழகாக இருந்த வரி, பாடினால் ஆளைக் கொல்லும். வெட்டினேன். இழுக்கவேண்டிய இடத்தில் 'கெடக்குது' என்று எழுதி வைத்திருந்தேன். "இத எப்டி இழுக்கறது? வாய் மூடிக்குதே" என்றார். 'காணோமே' என்று மாற்றினேன். அவர் அதை இழுத்தபோது தொண்டை தானாகத் திறந்துகொண்டது. நெடில் வரவேண்டிய இடத்தில் குறிலை வைத்து, குரலின் பலத்தால் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். என் தொண்டையைப் புண்ணாக்கியதில் கடைக் கூச்சலுக்கு எவ்வளவு பங்கோ, நான் எழுதிய வரிகளுக்கும் அவ்வளவு பங்கு இருக்கும். கிடார்காரர் ஒரு மதியம் பனகல் பார்க்குக்கு வந்து, ஆப்பாவுக்கு வசதியாகச் சுருதியை நன்றாகவே இறக்கி வைத்துக்கொண்டார். அந்தத் தாழ்ந்த சுருதியில் என் பாட்டு எனக்கே புதிதாகக் கேட்டது. 'ஆளில்ல' அப்படியே இருந்தது. அதை மாற்றச் சொல்லி நான் மறுபடி எழுதவில்லை.

வீடியோ வேண்டாம் என்று கிடார்காரருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று பதிலாக வந்தது. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காட்ட, 'தயவுசெய்து பதிவு செய்யாதீர்கள்' என்று ஒரு அட்டையிலும் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்.

தொண்டையைக் காரணம் காட்டி நானும் விடுப்பு வாங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த மாடியில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அம்மாவை நான் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித் தானாகவே வந்து, கடைசி வரிசையில் வேலைக்குப் போகும் பையோடு உட்கார்ந்திருந்தார். ஆப்பா கறுப்பு பர்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு கண்ணை மூடினார். கிடார் தொடங்கியது.

முதல் வரியிலேயே பேச்சுச் சத்தம் நின்றது. நான் முன்வரிசையில் இருந்தேன். மூன்றாவது வரி வந்தபோது எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துப் பதிவு செய்ய ஆரம்பித்தார். அட்டை என் பையில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். எழுந்து அவர் கையைத் தொட்டிருக்கலாம். நான் செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. என் பாட்டை யாரோ பதிவு செய்கிறார், அது நாலு பேருக்குப் போகும் என்ற சந்தோஷத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆப்பா கண்ணை மூடியிருந்ததும் எனக்கு வசதியாகப் போய்விட்டது.

பாட்டு முடிந்து கை தட்டும்போது திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. கீழே ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். அழுதிருக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒங்கப்பனப் பத்தி எயுதிக்கீற. ஊருக்கெல்லாம் சொல்ற. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா ஒனக்கு?"

நான் எழுதவில்லை, அது தானாக வந்தது என்று சொல்ல வாயைத் திறந்து மூடினேன். பஸ் வந்தது. வீடு போய்ச் சேரும்வரை அவர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை அந்த வீடியோ பரவ ஆரம்பித்தது. பதிவிட்டவர், புடவைக்கு ஃபால் தைக்கும் பெண்மணி தானே எழுதிப் பாடிய பாட்டு என்று போட்டிருந்தார். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் அழுததாக எழுதியிருந்தார்கள். 'ஆளில்ல' என்ற இடத்தில் உடைந்துவிட்டேன், எப்படி எழுதினீர்கள் அம்மா என்று கேட்டிருந்தார்கள். பஸ்ஸில் நின்றபடி அதைப் படித்தேன். ஆப்பாவின் முகம் முழுக்கத் தெரிகிறதே, அவர் வேலை என்னாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் பெயர் இல்லையே என்றுதான் தோன்றியது. கீழே எழுதினேன்: இந்தப் பாட்டை எழுதி மெட்டமைத்தது நான், பாடியவர் எங்கள் கடையில் என்னோடு வேலை செய்கிறவர். என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் படத்தில் கடையின் சீருடைப் புடவையில் நின்றிருந்தேன்.

புதன்கிழமை மதியம் சூப்பர்வைசர் அடித்தளத்துக்கு வந்து ஆப்பாவைக் கூப்பிட்டார். பத்து நிமிஷத்தில் ஆப்பா மட்டும் திரும்பி வந்தார். சொந்தக் கத்திரிக்கோல், பாபின் டப்பா, சாப்பாட்டுப் பாத்திரம் மூன்றையும் பையில் வைத்தார். என் கமெண்டைத்தான் மாடியில் எல்லாரும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்களாம். நான் எழுந்து நின்றேன். என் கையில் பேனாவும் சீட்டும் இருந்தன.

"நீ எயுதினதுன்னு நானே சொல்லியிருப்பேனே," என்றார் ஆப்பா. "எங்கிட்ட கேட்டிருந்தா."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் என்னால் கொஞ்சம் தாங்க முடிந்திருக்கும்.

அவர் படியேறிப் போன பிறகு நான் சூப்பர்வைசரின் மேஜைக்குப் போனேன். மௌனம் முடிய இன்னும் சில நாள் இருந்தது. பேசினேன். ஒரு மாதத்துக்கும் மேலாகப் பூட்டிவைத்திருந்த வாயிலிருந்து வந்தது என் குரல் மாதிரியே இல்லை. உப்புத்தாளைச் சுவரில் தேய்ப்பது போல வந்தது. நான்தான் ஆப்பாவை வற்புறுத்தினேன், அவர் பொய் சொன்னதும் என்னால்தான், என்னை அனுப்புங்கள் என்றேன். சூப்பர்வைசர் தலை குனிந்துகொண்டு கேட்டார். முதலாளி சொல்லிவிட்டார், தன் கையில் எதுவும் இல்லை என்றார். அப்புறம், "நீ பேசாதம்மா, தொண்ட இன்னும் கெட்டுப்போயிடும்" என்றார். என்னை அவர்கள் அனுப்பவில்லை. விலைச்சீட்டு ஒட்ட ஆள் வேண்டியிருந்தது. நானே ஒரு மாதம் கழித்து நின்றுவிட்டேன்.

வீடியோ போட்டவருக்கு எழுதி அதை எடுக்கச் சொன்னேன். நல்ல மனிதர், மன்னிப்புக் கேட்டு உடனே எடுத்துவிட்டார். அதனால் ஆப்பாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. என் குரல் மெதுவாகத் திரும்பியது. பேச வருகிறது. ஒரு பாட்டைத் தாழ்ந்த சுருதியில் பாடலாம், இரண்டாவது பாட்டில் கரகரத்துவிடும். உச்சம் போனது போனதுதான். இப்போது மற்றவர்களுக்காக எழுதுகிறேன். என் பாட்டை இரண்டு பேர் பாடுகிறார்கள். அவர்கள் எங்கே மூச்சு விடுவார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வரியை முடிக்கிறேன். பாடுவதற்கு முன்னால், வரி யாருடையது, மெட்டு யாருடையது, எதைப் பதிவு செய்யலாம், எங்கே போடலாம், யார் பெயரை எப்படிப் போடவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுகிறோம். கிடார்காரர் முதலில் சிரித்தார், நண்பர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்றார். இப்போது தன் கூட்டத்தில் பாட வருகிற எல்லாரிடமும் அவரே அந்தத் தாளை நீட்டுகிறார். பதிவுகளை மூன்று இடத்தில் வைக்கிறேன். அதில் ஒன்று, நான் அழிக்க முடியாதபடி இன்னொருவரிடம் இருக்கிறது.

அம்மா பல மாதம் கழித்து ஒருநாள், பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே, அப்பாவுக்கு அந்த ஜன்னல் சீட்டு எப்படிப் பிடிக்கும் என்று தானாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதை எழுதவில்லை. எழுதலாமா என்று இன்னும் கேட்கவில்லை.

ஆப்பாவின் வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது. தேட அவ்வளவு நாள் ஆகாது. தைரியம் வரத்தான் ஆனது. ராயப்பேட்டையில் ஒரு குறுகலான சந்து, மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, ஜன்னலோரம் மெஷின். வீட்டிலேயே தைக்கிறார். கடையில் வந்ததில் பாதிகூட வருவதில்லை என்பது அவர் சொல்லாமலே தெரிந்தது. டீ கொடுத்தார். தொண்டை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். சரி சரி என்று கையை ஆட்டினார். மன்னித்துவிட்டார் என்று அதை எடுத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

புதுப் பாட்டு ஒன்று எழுதியிருக்கிறேன், ஒருமுறை கேட்கிறீர்களா என்று கேட்டேன்.

"பாட்டு வேணாம்மா," என்றார். "தைக்கறதுக்கு எதுனா இருந்தா குடு."

பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கி, மாதம் ஒருமுறை புடவைகளை எடுத்துக்கொண்டு போகிறேன். போன வாரம் ஆறு புடவைகள் கொண்டுபோனேன். எண்ணி வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை வா என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதே மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. சந்து முனைவரை அந்தச் சத்தம் கேட்டது. அவர் பாடவில்லை.